நான் நிறுத்தாத வண்டி

லாரிக்காரர் கன்னடத்தில் கேட்டார்: "ஏனம்மா, சாயோக்கே நன் லாரினே பேக்கா?" சாவதற்கு உனக்கு என் லாரிதான் கிடைத்ததா என்று. நியாயமான கேள்விதான். ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடிப் பக்கம், நெடுஞ்சாலையில் வண்டிகள் திரும்பிக்கொள்ள விட்டிருக்கும் இடைவெளியில், பாதி சாலைக்குக் குறுக்காக நான் என் மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன். மீட்டரில் விளக்கெல்லாம் எரிந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. ஹாரன்கூட அடித்தது. இன்ஜின் மட்டும் ஓட மாட்டேன் என்றது. காலால் உந்தித் தள்ளி ஓரத்துக்கு வந்து, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் அது. பிறகு கம்பெனி பார்க்கிங் கொட்டகையில் ஒருமுறை நின்றது. பெட்ரோல் பங்கில் வரிசையிலிருந்து விலகும்போது ஒருமுறை. எங்கள் வீட்டுக் கேட்டுக்குள் நுழையும்போது ஒருமுறை. மறுபடியும் அதே நெடுஞ்சாலைத் திருப்பத்தில், இந்தமுறை கல் ஏற்றிய டிப்பர் ஒன்றுக்கு முன்னால். அந்த டிப்பர்காரர் திட்டவே இல்லை. பிரேக்கை மிதித்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. வேலைக்காக ஓசூர் வந்து, ஹாஸ்டலில் இருந்து, கடைசியில் உத்தனப்பள்ளியில் தக்காளியும் சாமந்தியும் போடுகிற ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் நிலத்தைப் பார்க்கிறார். நான் தண்ணீர் பம்புக்குப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். கம்பெனி பஸ் எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை. டவுன் பஸ்ஸை நம்பிப் புறப்பட்டால் நான் போய்ச் சேரும்போது ஷிப்ட் பாதி முடிந்திருக்கும். ஆக, வண்டி இருந்தால்தான் எனக்கு வேலை. வாங்கும்போது எல்லோரும் ஸ்கூட்டர் வாங்கச் சொன்னார்கள். மழை பெய்தால் எங்கள் வீட்டுப் பாதையில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் என்ன பாடுபடும் என்று சொன்னவர்களுக்குத் தெரியாது. எனக்கும் கியர் வண்டிதான் பிடித்திருந்தது. என் சம்பளத்தில், எனக்குப் பிடித்த நிறத்தில் வாங்கினேன்.

வீட்டில் இன்னொரு வண்டியும் உண்டு. வீட்டுக்காரருடைய பழைய வண்டி, அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அது எந்தக் கம்பெனி வண்டி என்று இப்போது அதுக்கே மறந்திருக்கும். அவர் மாற்றாத பாகம் அதில் இல்லை. ஒரு ப்ளக் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு அழுக்குத் துணி, இவ்வளவுதான் அவருடைய சர்வீஸ் ஸ்டேஷன். வண்டி இருமினால் கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார். நின்றால் ப்ளக்கைக் கழற்றித் தேய்ப்பார். அவ்வளவுதான், கிளம்பிவிடும்.

அந்த வண்டியைப் பற்றி உருகுவதற்கு நான் தயாரில்லை. கிக்கர் திருப்பி அடித்த தழும்பு இன்னும் என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. மழைக்காலத்தில் அதை ஸ்டார்ட் செய்வதற்குள் மனுஷனுக்கு வேர்த்துவிடும். போகிற இடமெல்லாம் புகை. என்னுடையது பட்டனைத் தொட்டால் கிளம்புகிறது, ஒரு லிட்டரில் அது போகிற தூரம் போல இரண்டு மடங்கு போகிறது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழையது தனக்கு என்ன நோவு என்று அவரிடமே சொல்லும். என்னுடையது என்னிடம் வாயைத் திறக்காது. லேப்டாப்பில் வயரைச் சொருகினால்தான் பேசும்.

லேப்டாப்பிடமும் அது எதையும் சொல்லவில்லை. ஓசூரில் நான் சர்வீஸுக்கு விடும் இடத்தில், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்த ஓர் இளைஞர் என் புகாரைப் பொறுமையாகக் கேட்டார். சீட்டுக்கு அடியில் வயரைச் சொருகிப் பார்த்தார். மெக்கானிக் ஒருவர் வெளிவட்டச் சாலை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எங்கேயும் நிற்கவில்லை.

"மேடம், ஃபால்ட் எதுவும் பதிவாகல" என்றார் அந்த இளைஞர். "ரைட் சைடு ஹேண்டில்ல சிவப்பா ஒரு ஸ்விட்ச் இருக்கு பாருங்க, இன்ஜின் ஆஃப் பண்றது. அத ஆஃப் பண்ணினா மட்டும்தான் ஃபால்ட் எதுவும் காட்டாம இப்படி நிக்கும். உங்களுக்குத் தெரியாம கை பட்டிருக்கும் மேடம்."

"என் கை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

"லேடீஸ் நெறைய பேருக்கு இப்படி ஆகுது மேடம்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வண்டியைப் பொறுத்தவரை, நானே அதை நிறுத்தியிருக்கிறேன். நெடுஞ்சாலையின் நடுவில், டிப்பர் லாரிக்கு முன்னால், வேண்டுமென்று. வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக் கேட்டுக்குள் நுழையும்போது மறுபடி நின்றது. என் கட்டைவிரல் அந்தச் சிவப்பு ஸ்விட்சுக்குப் பக்கத்தில்கூட இல்லை. நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என் வீட்டுக்காரரின் பழைய வண்டிக்கு உயிர் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்தில்கூட வரவில்லை.

"இது வேணாங்க்கா. இதுல நான் கைய வெச்சா மீட்டர்ல லைட் ஒண்ணு எரியும். அப்புறம் அந்த லைட்ட அணைக்கறதுக்கு நீங்க அவங்ககிட்டதான் போவணும்" என்றார். அவர் கடையில் பிரித்துப் போட்டிருந்தது எல்லாம் பழைய வண்டிகள்தான்.

வீட்டில் நான் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. டிப்பர் கதையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டார்.

"வண்டிய வித்துடலாம்" என்றார். "வேலையும் போதும். இங்க பூப் பறிக்க ஆள் கிடைக்காம நான் கஷ்டப்படறன். நீ அங்க போயி லாரிக்கு நடுவுல நிக்கற."

"கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சா சரியாயிரும்லங்க."

"கம்பெனிக்காரனே கண்டுபிடிக்கல. ஒருவேள நெஜமாவே கை பட்டிருந்தா?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் சொன்னபோது கோபம் வந்தது. இவர் சொன்னபோது அழுகை வந்தது. இவர்தான் எனக்கு கியர் போடச் சொல்லிக் கொடுத்தவர். அறுவடை முடிந்த வயலில் பழைய வண்டியை ஓட்டவிட்டு, கூடவே ஓடி வந்தவர். அவர் பயந்துபோயிருந்தார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவருடைய பயத்துக்கு என் வேலையை எதற்குக் கொடுக்க வேண்டும்? அடுத்த நாளே கெலமங்கலத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாராம்.

ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரை தோட்டத்துக்குத் தக்காளி ஏற்ற வரும் வேனில் ஓசூர் வரை தொற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஜூஜுவாடிக்குப் போனேன். தினமும் லேட். என் லைனில் வேலை செய்யும் பெண்கள் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. லேட்டாக வந்தால் அவர்களைக் கேள்வி கேட்பது நான்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகம் பழுதாக வந்தால், யார் செய்தது என்று முதலில் கேட்கக் கூடாது. எங்கே வந்தது, எப்போது வந்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று போக வேண்டும். "வொய்-வொய்" என்று சொல்வோம். சில நாள் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கும். பிறருடைய பழுதுக்கெல்லாம் இதைச் செய்கிறவள், என் வண்டிக்கு மட்டும் யார் கை பட்டது என்ற கேள்வியோடு நின்றுவிட்டேன் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

எங்கே நின்றது? நெடுஞ்சாலைத் திருப்பம். பார்க்கிங் கொட்டகை. பெட்ரோல் பங்க். எங்கள் வீட்டுக் கேட். எல்லாம் மெதுவாகப் போகிற இடம். அப்படியென்றால் மெதுவாகப் போனால் நிற்கிறதா? இல்லை, ஓசூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஊர்ந்துதான் போகிறேன், அங்கே நின்றதே இல்லை. சூடா? வீட்டுக் கேட்டில் நிற்கும்போது சூடு, பார்க்கிங்கில் ஷிப்ட் முடிந்து எடுக்கும்போது சில்லென்று இருக்கும். அதுவும் இல்லை. வேறு என்ன? அந்த இடங்களில் எல்லாம் என் உடம்பு என்ன செய்தது என்று யோசித்தேன். தோசைக் கரண்டியைப் பிடித்திருந்த கைகள் தாமாகவே ஒரு பக்கமாகத் திரும்பின. எல்லா இடத்திலும் நான் ஹேண்டிலை முழுசாக வலது பக்கம் ஒடித்திருக்கிறேன்.

தோசை வேகாமல் கிடக்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தேன். ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தேன், ஓடியது. நேராக வைத்தேன், ஓடியது. வலது பக்கம், மெதுவாக, கடைசி வரைக்கும். செத்தது.

"என்னங்க! இங்கிட்டு வாங்க! செத்துருச்சு!" என்று கத்தினேன். சாமந்தித் தோட்டத்திலிருந்து அவர் கையில் கூடையோடு ஓடி வந்தார். வீட்டு மாட்டைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தாராம்.

"நீங்களே ஒடிச்சுப் பாருங்க. என் கை தள்ளி இருக்கு, நல்லாப் பாத்துக்கோங்க" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் ஸ்டார்ட் செய்தார். ஒடித்தார். நின்றது. மறுபடி செய்தார். நின்றது. ஸ்விட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஒடித்தார்.

"அட, ஆமா" என்றார்.

அந்த "அட, ஆமா"வுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். கண் நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. "ஒயர் எங்கயோ விட்டிருக்கு. பிரிச்சுப் பாக்கலாம்" என்றேன்.

பிரிப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய பழைய வண்டியில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஹெட்லைட் கையோடு வந்துவிடும், பின்னால் உள்ள ஒயரை எல்லாம் எண்ணிவிடலாம். என் வண்டியில் ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக், டேங்குக்குப் பக்கத்தில் இன்னொரு பிளாஸ்டிக். ஒன்றைக் கழற்ற இன்னொன்றைக் கழற்ற வேண்டும். சில இடத்தில் அறுகோணக் குழி, சில இடத்தில் நட்சத்திரக் குழி. அவருடைய பையிலிருந்த எதுவும் அதற்குள் நுழையவில்லை. பஸ் ஸ்டாப் மெக்கானிக்கிடம் போனேன். "டூல்ஸ் வேணா எடுத்துட்டுப் போங்கக்கா, நான் வரல" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார்.

ஸ்க்ரூ முடிந்தபிறகு, கண்ணுக்கே தெரியாத இடத்தில் பிளாஸ்டிக் கொக்கிகள். எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் இழுத்ததில் ஒன்று "டக்" என்று உடைந்தது. இருவரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"வாரண்டி போச்சு" என்றார்.

"போகட்டும். நடு ரோட்டுல நிக்கிற வண்டிக்கு வாரண்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

உள்ளே பார்த்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார். "இதென்னா, சேமியாவக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் சேமியாவாக இருந்தாலும் ஒயர் ஒயர்தான். ஒரு முனையில் ஆரம்பித்து இன்னொரு முனையில் முடிய வேண்டும். வலது கைப்பிடியிலிருந்து இறங்கும் ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவரை ஹேண்டிலை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் பக்கத்தில், கட்டு மடியும் இடத்தில், விரலில் ஒரு வெட்டு தட்டுப்பட்டது. கருப்பு உறை சாய்வாக அறுபட்டிருந்தது. உள்ளே ஓர் ஒயரின் செப்பு இழைகள் அறுந்து, ஒன்றோ இரண்டோதான் ஒட்டிக்கொண்டிருந்தன. நேராக இருக்கும்போது தொட்டுக்கொள்கிறது. வலது பக்கம் ஒடித்தால் விலகிவிடுகிறது. அது அந்தச் சிவப்பு ஸ்விட்சுக்குப் போகும் ஒயர். அது விலகினால், ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள் என்று வண்டி நினைத்துக்கொள்ளும். லேப்டாப் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் ஏதோ சிக்கியிருந்தது. இழுத்தேன். காய்ந்த வாழை நார். ஒரு பக்கம் முடிச்சு, மறு பக்கம் ஒரே வெட்டாக வெட்டுப்பட்ட முனை. முடிச்சை எனக்குத் தெரியும். சாமந்தி மூட்டைக்கு அவர் போடும் முடிச்சு அது. இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே ஒரு கண்ணி விட்டு இழுப்பார். எங்கள் வீட்டில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

ஆயுத பூஜைக்கு அவர் எப்போதும் பழைய வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் ஃபோர்க்கோடு சேர்த்து வாழைக்கன்றைக் கட்டுவார். இந்த முறை என் வண்டிக்கும் ஆசையாகக் கட்டினார். ஊருக்குள் ஒரு சுற்றும் சுற்றி வந்தோம். விடுமுறை முடியும் நாள், காலையில் வேலைக்கு எடுக்க வேண்டும், கன்றை எடுத்துவிடுங்கள் என்று சொன்னது நான்தான். கொடுவாளை எடுத்து, நாரோடு சேர்த்து, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. வருஷா வருஷம் பழைய வண்டிக்கு அப்படித்தான் செய்வார். அதில் அந்த இடத்தில் வெறும் இரும்புக் குழாய்தான். கொடுவாள் பட்டால் கொடுவாளுக்குத்தான் நஷ்டம்.

நாரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். கை பட்டிருக்கும் என்று என்னிடம் சொன்ன அதே வாய். பேசலாம் என்று நிமிர்ந்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த டிப்பர் லாரியை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"நான்தானா?" என்றார்.

"கொடுவாள்" என்றேன். "சால்டரிங் எங்க வெச்சிருக்கீங்க? எடுத்துட்டு வாங்க."

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி அடிக்கடி மக்கர் செய்யும் என்பதால் ஒயருக்கு ஈயம் வைக்கும் அந்தக் கருவி அவரிடம் எப்போதும் உண்டு. அறுந்த இழைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒன்றோடொன்று முறுக்கி, ஈயம் வைத்தார். உறை மாட்டினார். ஒயரை இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடி இழுத்துப் பார்த்தார். ஒயர்க் கட்டை ஃபோர்க்கிலிருந்து விலக்கி, மடியாதபடி வேறு வழியில் விட்டார். நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கவனமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை, அவருடைய பழைய வண்டிக்குக்கூட.

கெலமங்கலத்துக்காரர் வந்து சேர்ந்தபோது வாசல் முழுக்கப் பிளாஸ்டிக் பரப்பி வைத்திருந்தோம்.

"என்னாண்ணா, இப்படிப் பிரிச்சுப் போட்டுட்டீங்க? வண்டியில எதாச்சும் கம்ப்ளைன்ட்டா?"

என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "வண்டியில இல்லப்பா" என்றார். "இது விக்கறதுக்கில்ல. வந்ததுக்கு உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போ."

அவர் குடித்துவிட்டுப் போனார். நாங்கள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. அது எந்த இடத்துக்கு உரியது என்று இன்றுவரை தெரியாது. உடைந்த கொக்கி இருந்த இடம் மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடுகிறது. ஆடட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை ஒடித்துக்கொண்டே இருந்தோம். நிற்கவில்லை. அப்படியும் நாளைக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தத் திருப்பத்தில் நான் தனியாகத்தான் திரும்ப வேண்டும் என்று எனக்கு இருந்தது.

திங்கட்கிழமை காலை. ஜூஜுவாடித் திருப்பத்துக்கு வரும்போது பயம்தான். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எதிரில் கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் உள்ளே விட்டு, ஹேண்டிலை வலது பக்கம் கடைசி வரைக்கும் ஒடித்தேன். காலுக்கடியில் இன்ஜின் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன். எதிர்ப்பக்கம் வந்தபிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கம்பெனி கேட்டைத் தாண்டி நேராகப் போய், சுற்றிக்கொண்டு வந்து, அதே இடத்தில் இன்னொரு முறை ஒடித்தேன்.

கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"திரும்பிட்டேன்" என்றேன்.

"இன்னொரு தடவ ஒடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நிக்கலியா?"

"நிக்கலங்க."

அந்தப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "வேலைக்குப் போ."